இறங்காமல் போவதற்கு ஆகும் செலவு

1

காரை விற்று இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. கிள்ளானில் இருக்கிற நம் ஆட்கள் இன்னும் இதை நம்பவில்லை. காலையில் நான் சைக்கிளை வெளியே எடுத்தால் எதிர்வீட்டுக்காரர் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கார் இன்னும் வொர்க்ஷாப்பிலா?" என்று கேட்கிறார். ஒரு வருடமாக ஒரு கார் வொர்க்ஷாப்பில் கிடந்தால் அதற்குப் பூசை வைத்து அடக்கமே செய்திருக்கலாம். நானும் சிரித்துவிட்டுப் போகிறேன்.

மாதா கோயிலில் என்னைப் பற்றி இரண்டு கதை உலாவுகிறது. சீட்டாடித் தோற்றேன் என்பது ஒன்று. ஊரில் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறேன் என்பது இன்னொன்று. இரண்டாவது கதையைச் சொல்கிறவர்கள் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவதால் அதை நான் மறுப்பதில்லை.

இங்கே ரோடு போடும் இலாகாவில் ஸ்டோர் கிளார்க்காக இருக்கிறேன். ஒரு பீப்பாய் தார் வெளியே போக வேண்டுமென்றாலும் என் கையெழுத்து வேண்டும். ஊருக்கெல்லாம் ரோடு போட்டுக் கொடுக்கிறவன் அதில் சைக்கிளில் போகிறானே என்பது என் ஆபீஸ் சிநேகிதர்களின் கிண்டல். மலேயா வந்து பதின்மூன்று வருடத்தில் முதல் எட்டு வருடமும் சைக்கிள்தான் மிதித்தேன். பிறகு மூன்று சொச்சம் வருடம் கார். இப்போது மறுபடி சைக்கிள். கார் வைத்திருந்தால் என்ன செலவு, சைக்கிளுக்கு என்ன செலவு என்று ஊரிலிருந்து எழுதிக் கேட்கிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் நான் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரி ஒன்றில் ஆரம்பிக்க வேண்டும்.

2

நான் சைக்கிள் கற்றது எங்கள் ஏரிக்குள். வைகாசியில் தண்ணீர் வற்றியதும் கரையோரம் ஆடு மாடு மிதித்து மிதித்துத் தரை சிமெண்டு போட்டது போல இறுகிக் கிடக்கும். உத்திரமேரூர் பஜாரில் அரை நாளுக்கு ஓரணா வாடகைக்கு சைக்கிள் கொடுப்பார்கள். அந்த ஓரணாவுக்காக நான் ஒரு நாள் முழுக்க வேர்க்கடலை பிடுங்கியிருக்கிறேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மூன்று மைல் போய் வருவதிலேயே பாதி நேரம் தீர்ந்துவிடும்.

முதலில் பாருக்கு அடியில் காலை விட்டு அரைப் பெடல். பிறகு ஒரு வழியாக சீட்டில் ஏறிவிட்டேன். ஏறத் தெரிந்தது, மிதிக்கத் தெரிந்தது, இறங்க மட்டும் தெரியவில்லை. நிறுத்தினால் விழுவேன் என்ற பயத்தில் ஏரிக்குள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பேன். என் தம்பி சின்னப்பன் கரைமேல் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று சுற்றுகளை எண்ணுவான். என்னைவிடப் பத்து வயது இளையவன். அவனுக்கு நூறு வரை எண்ணத் தெரிந்தது பள்ளிக்கூடத்தாலா, என் சைக்கிளாலா என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. கால் ஓய்ந்து எங்காவது காட்டாமணக்குப் புதரில் போய் விழுந்த பிறகுதான் அன்றைய பாடம் முடியும்.

இறங்குவதற்கு எனக்குக் கற்றுக்கொடுத்தது பெரிய தெரு.

எங்கள் ஊர்ப் பெயரை எழுதவில்லை. திருப்புலிவனத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவர்களில் நூறு பேராவது இது தங்கள் ஊர்தான் என்று நினைப்பார்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. எங்கள் சேரியிலிருந்து உத்திரமேரூர் ரோட்டைப் பிடிக்க வேண்டுமானால் ஊருக்குள் இருக்கும் பெரிய தெரு வழியாகத்தான் போக வேண்டும். தேர் திரும்புகிற அகலம். நிலம் வைத்திருப்பவர்களின் வீடுகள் இரண்டு பக்கமும் இருக்கும். சேரிக்காரன் சைக்கிளில் வந்தால் தெரு முனையில் இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைக்க வேண்டும். மறுமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அங்கே ஏறிக்கொள்ளலாம். யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. டெல்லியில் சட்டம் வந்த பிறகும் போர்டு இல்லாததால் எதையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. எங்கள் கால்களுக்கே அது தெரிந்திருந்தது.

இன்னொரு வழியும் உண்டு, ஏரிக்கரை மேலே. ஒன்றரை மைல் சுற்று. மழை பெய்தால் முழங்கால் வரை சேறு.

3

கிள்ளானுக்கு வந்து இரண்டு மாதத்தில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். என் வீட்டிலிருந்து ஸ்டோருக்குப் போகிற சடக்கு (இங்கே ரோட்டை அப்படித்தான் சொல்கிறோம், நான் கடிதத்தில் அப்படி எழுதியதைப் படித்துவிட்டு தம்பி என்னவோ வியாதி என்று பயந்துவிட்டான்) ஒரு மேட்டில் ஏறுகிறது. மேட்டுச் சரிவில் ஒரு பங்களா. பெரிய இரும்புக் கேட், நீளமான வெள்ளை மதில். சீன மர வியாபாரி ஒருவர் கட்டியது என்றார்கள். முதல் நாள் மதில் தொடங்கும் இடத்தில் மூச்சு வாங்கியது. இறங்கித் தள்ளினேன். மதில் முடிந்ததும் ஏறிக்கொண்டேன். மறுநாளும் அப்படியே. மேடு அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊரிலிருந்து லூர்துவைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தேன். ஸ்டெல்லா பிறந்தாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் விட ஆரம்பித்தேன். கேரியரில் உட்கார்ந்து என் முதுகோடு ஓயாமல் பேசுவாள். மலாய்க்கார டீச்சர், சீனத்துத் தோழி, பல்லி விழுந்த தண்ணீர்ப் பானை, எல்லாம் தமிழில். முதுகுக்கு வேறு பாஷை தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ.

ஒருநாள் சாயங்காலம் திரும்பி வரும்போது மதில் அருகில் இறங்கினேன். அவளும் குதித்து இறங்கினாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டாள்.

"அப்பா, காலையில மேடு. இறங்குறீங்க, சரி. இப்ப இறக்கம்தானே? மிதிக்கவே வேணாமே. எதுக்கு இறங்குறீங்க?"

எட்டு வருடமாக யாரும் என்னைக் கேட்காத கேள்வி. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பிரேக் சரியில்லை என்றேன். அவள் பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அடுத்த நாள் கேட்டில் இருந்த பஞ்சாபிக் காவல்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். முதலாளி உள்ளே இருக்கிறாரா என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். முதலாளியும் குடும்பமும் சிங்கப்பூருக்குக் குடிபோய் வருடக்கணக்கு ஆகிறது, உள்ளே இரண்டு நாயும் தானும்தான் என்றார். எட்டு வருடமாகத் தினமும் இரண்டு தடவை நான் யாருமில்லாத வீட்டுக்கு இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அதைவிட மோசம், காலி வீடு என்று தெரிந்த மறுநாளும் இறங்கினேன்.

இரண்டு மாதத்தில் கார் வாங்கினேன். பழைய இங்கிலீஷ் கார், சாம்பல் நிறம். மழைக்கு நல்லது என்று லூர்துவிடம் சொன்னேன். பிள்ளை வளர்கிறாள் என்று ஆபீஸில் சொன்னேன். காரில் போகிறவனை யாரும் இறங்கித் தள்ளச் சொல்ல முடியாது என்பதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

லைசென்ஸ் வாங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. பாரத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தில் நான் உத்திரமேரூர் என்று சொல்ல, கவுண்ட்டரில் இருந்தவர் மூன்று தடவை எழுத்துக் கேட்டுவிட்டு மெட்ராஸ் என்று எழுதி முடித்துக்கொண்டார். ஓட்டிக் காட்டும் சோதனையில் பக்கத்தில் ஒரு மலாய்க்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். நன்றாகத்தான் ஓட்டினேன். மேட்டுச் சடக்கில் திரும்பச் சொன்னார். வெள்ளை மதில் வந்தது. என் கால் பிரேக்கில் போய் நின்றது. நடுச் சடக்கில் கார் நின்றது. வலது கை கதவைத் திறந்தே விட்டது.

அதிகாரி என்னைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார். "வண்டியில் என்ன கோளாறு?" என்று கேட்டார்.

வண்டியில் ஒன்றுமில்லை என்றேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அந்தத் தடவை பெயில். மூன்றாவது தடவைதான் பாஸ் செய்தார்கள்.

4

கார் வாங்குவது சுலபம், அதற்குச் சாப்பாடு போடுவதுதான் கஷ்டம். தவணை, பெட்ரோல், சாலை வரி, இன்ஷூரன்ஸ், அது போதாதென்று மழைக்காலத்தில் பேட்டரி. எல்லாம் சேர்த்து என் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போனது. வொர்க்ஷாப்காரர் பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்து உச்சுக் கொட்டுவார். அந்தச் சத்தத்துக்கே இங்கத்துப் பணத்தில் பத்து வெள்ளி. சைக்கிளுக்கு வருடத்தில் ஒரு டயர், எப்போதாவது ஒரு செயின், மாதம் ஒரு தடவை எண்ணெய், அவ்வளவுதான். சைக்கிளைக் கழுவக்கூட வேண்டாம், மழை கழுவிவிடும்.

பில் வராத செலவுகளும் உண்டு. மூன்று வருடத்தில் எனக்குத் தொப்பை விழுந்தது. மேடு ஏறினால் வாங்கிய மூச்சு இப்போது மாடிப்படி ஏறினாலே வாங்கியது. காப்பிக் கடை வாசலில் காலை ஊன்றி நின்று இரண்டு வார்த்தை பேசுகிற பழக்கம் போய்விட்டது, காரை எங்கே நிறுத்துவது? பெரிய நஷ்டம் ஸ்டெல்லாதான். பின்சீட்டில் ஏறிப் புத்தகத்தைப் பிரித்துக்கொள்வாள். நான் ஏதாவது கேட்டால் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்து இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொல்லுவாள். முதுகோடு பேசினவளுக்கு முகத்தோடு பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அதற்குக் கார் மட்டும் காரணமில்லை, வயதும்தான் என்று லூர்து சொன்னாள். இருக்கலாம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

லூர்துவுக்குக் கார் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்சீட்டில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பு கதவில் மாட்டாமல் ஒதுக்கிக்கொண்டு, கோயில் வாசலில் அவள் இறங்குகிற அழகை நானே ரசித்திருக்கிறேன். தன் ஊர் மாகறலில் களை பறித்துக்கொண்டிருந்தவளுக்கு அது வேண்டியதுதான்.

காருக்குப் பக்கத்தில் நின்று, பானெட்டின் மேல் கை வைத்து, ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். சின்னப்பன் அதைச் சட்டம் போட்டு மாட்டினானாம். பெரிய வீட்டுக்காரர் கூடச் சொல்லியனுப்பி வாங்கிப் பார்த்தாராம். பெரிய தெருவில் நடுநாயகமான வீடு அவருடையது. எங்கள் அப்பா சூசை சாகும்வரை அவர் நிலத்தில்தான் வேலை செய்தார்.

5

போன வருடம் ஆவணியில் சின்னப்பனிடமிருந்து கடிதம் வந்தது. எட்டாவது பாஸ் செய்தவன், கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

உத்திரமேரூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் அவனுக்குத் தற்காலிகப் பியூன் வேலை கிடைத்திருந்தது. எங்கள் சேரியில் மாதச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள். ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள். மலேயா கிளம்புமுன் நான் வாங்கி ஓட்டி, ஊரில் விட்டுவந்த பழைய சைக்கிளில்தான் போய் வந்தான். பெரிய தெருவில் வழக்கம்போல இறங்கித் தள்ளினான். இறங்கினவனை அப்படியே போக விட்டால் பரவாயில்லை. காக்கிச் சட்டை போட்டவன் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் பெரிய வீட்டுக் காரியஸ்தருக்குத் தினமும் ஒரு வேலை நினைவுக்கு வந்துவிடும். இந்த மூட்டையை மில்லில் போட்டுவிட்டுப் போ. ஏர் ஓட்டுகிறவனைக் கூப்பிட்டுவிட்டுப் போ. அதற்கு முன்னே அந்த வைக்கோலை உள்ளே போடு. ஆபீஸில் இரண்டு தடவை சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள். வேலையில் சேரும்போதே எச்சரித்திருந்தார்கள், மூன்றாவது தடவை எழுதினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் அவன் ஏரிக்கரை வழியைப் பிடித்தான். ஐப்பசி மழை தொடங்கினால் அதுவும் அடைபட்டுவிடும்.

கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: "அண்ணா, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்க உன்னால் பணம் அனுப்ப முடியுமா? மோட்டாரை நிறுத்தி யாரும் இறங்கு என்று சொல்ல மாட்டார்கள். நீ கார் வாங்கின பிறகு உனக்கு அந்தத் தொல்லை இல்லை. எனக்குத்தான் இருக்கிறது."

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் காரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதற்கு கார் என்று நான் யாரிடமும் சொல்லாததை என் தம்பி ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து ஒரு வரியில் எழுதிவிட்டான்.

முதலில் மோட்டார் சைக்கிளுக்குத்தான் கணக்குப் போட்டேன். வாங்கிக் கொடுத்துவிடலாம். அவன் சம்பளத்தில் அதற்கு யார் பெட்ரோல் ஊற்றுவது? ஊற்றினாலும் என்ன ஆகும்? தெருவில் வழி விடுவார்கள், மோட்டாருக்கு. அவன் பின்னால் சைக்கிளில் வருகிறவன் முனையில் இறங்கிச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பான். நான் இங்கே மூன்று வருடமாகச் செய்ததும் இதுதான். இறங்காமல் போவதற்கு மாதா மாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். பணம் கட்டுவதை நிறுத்தினால் அடுத்த நாளே இறங்கிவிடுவேன். அப்படியானால் அந்தப் பணத்தில் நான் என்னத்தை வாங்கினேன்? எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயே வந்தது.

காரை விற்கப் போகிறேன் என்று லூர்துவிடம் சொன்னேன்.

"இன்னாங்க, புத்தி கித்தி பிசகிப்போச்சா? கோயிலுக்கு நான் நடந்துகினு போவணுமா?"

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க நைனாவும் எறங்கிக்கினுதான் இருந்தாரு" என்றாள். "சைக்கிள் கூட இல்ல, மாட்டு வண்டி. எங்க ஊர்ப் பெரிய தெரு வந்தா வண்டிய வுட்டு எறங்கி மாட்டுக்கு முன்னால நடப்பாரு. மாடு இஸ்துகினு போவும், காலி வண்டி." பிறகு முறத்தை எடுத்துக்கொண்டாள். "வித்துடுங்க. ஆனா காச அனுப்பிட்டுச் சும்மா இருந்துடாதீங்க. நீங்க போங்க. அவன் கூட போங்க."

6

கார் போன விலைக்குக் கப்பல் சீட்டும் மூன்று மாத லீவில் வீட்டுச் செலவும் சரியாக இருந்தது. ஐப்பசியில் ஊர் போய்ச் சேர்ந்தேன். நான்கு நாளாக மழை. ஏரிக்கரை நெகிழ்ந்து நடக்கவே முடியவில்லை. உத்திரமேரூரில் வாரக் கணக்குக்கு ஒரு வாடகை சைக்கிள் பேசி எடுத்துக்கொண்டேன். வாடகைதான் ஏறியிருந்தது, சீட்டு அதேபோல ஆடியது.

திங்கட்கிழமை காலை நாஷ்டா முடித்துக் கிளம்பினோம். கிள்ளானில் தைத்த பேண்ட் பெட்டியில் இருந்தது. அதைப் போடவில்லை. அதைப் போட்டால் மலேயாக்காரன் என்று விட்டுவிடுவார்கள், அதுவும் ஒரு கார் மாதிரிதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். சின்னப்பன் காக்கிச் சட்டை.

"ண்ணா, கரை மேலயே தள்ளிக்கினு போய்டலாமா? சேறுதான், இன்னா இப்ப?"

"எத்தினி மணிக்கு உனக்கு ஆபீஸ்?"

"பத்து."

"கரை மேல போனா?"

"பதினொன்னாவும்."

"அப்ப ஏறு" என்றேன். பயம் இல்லை என்று எழுதினால் பொய். இருபது வருடத்துக்கு முன் எதிர்த்துப் பேசிய ஒருவரைப் புளியமரத்தில் கட்டி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தெரு முனை வந்தது. நான் முன்னால், அவன் பின்னால். மிதித்தேன். ஒரு வீடு, இரண்டு வீடு. வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பெரிய வீட்டு வாசலில் அவர் ஈஸிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காரியஸ்தர்தான் முதலில் பார்த்தார்.

"டேய், யார்ரா அது? எறங்குடா கீழ."

நான் இறங்கவில்லை. பின்னால் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சின்னப்பன் இறங்கி நிற்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குரலுக்கு எங்கள் கால்கள் அப்படித்தான்.

இப்போது நான் என்ன செய்வது? அவனை விட்டுவிட்டுப் போனால் வந்த வேலை கெட்டது. நின்றால் காலைத் தரையில் ஊன்ற வேண்டும், அதற்கும் இறங்குவதற்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. ஹேண்டிலை வளைத்தேன். தேர் திரும்புகிற தெரு என்று சொன்னேன் அல்லவா, சைக்கிள் தாராளமாகத் திரும்பியது. பெரிய வீட்டுக்கு நேர் எதிரே வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தேன். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ஏரிக்குள் சுற்றிய அதே மாதிரி. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், சிரிப்பா பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

பெரிய வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தினார். நன்றாகக் கிழடு தட்டியிருந்தார்.

"நீ சூசையோட பெரிய பையன்தான? மலேயாக்காரன்?"

"ஆமாங்க" என்றேன். அதற்குள் அவரைத் தாண்டிவிட்டேன். அடுத்த கேள்விக்குச் சுற்றி வர வேண்டியிருந்தது.

"காரு வாங்கிக்கினு போட்டோ அனுப்ச்சிருந்த. இன்னா ஆச்சு?"

"வித்துட்டேங்க."

"ஏன்?"

இன்னொரு சுற்று. "ஆபீசு போவ சைக்கிளே போதுங்க."

காரியஸ்தர் வேகமாகத் தெருவில் இறங்கினார். கிழவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என்னைப் பார்த்து, "எறங்கி நின்னு பேசு" என்றார். சத்தம் போடவில்லை. என் அப்பாவிடம் பேசுகிற அதே குரல்.

"எறங்குறது மறந்துபோச்சுங்க" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது.

என் வாடகை சைக்கிளின் செயின் மட்டும் கறக் கறக் என்றது. இன்னும் ஒரு சுற்று வந்தபோது சின்னப்பன் சைக்கிளை இரண்டடி ஓட்டித் தாவி ஏறினான். பெடல் தவறியது, மறுபடி பிடித்துக்கொண்டான். நான் வட்டத்தை நேராக்கினேன். இருவரும் பெரிய வீட்டைத் தாண்டினோம். மிச்சத் தெரு முழுக்க முதுகில் ஏதாவது வந்து விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஈஸிச்சேர் காலியாக இருந்தது. அவர் சரி என்று சொல்லவில்லை. கூடாது என்று எழுந்து வரவும் இல்லை.

உத்திரமேரூர் ரோட்டுக்கு வந்த பிறகுதான் சின்னப்பன் வாயைத் திறந்தான்.

"ஆறு சுத்துண்ணா" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பார்க்காதபடி முன்னால் மிதித்துப் போனேன்.

7

அதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மறுநாள் தெரு நடுவே கருவேல முள் கிடந்தது. இரண்டு சைக்கிளும் பஞ்சர். டயர் தரையோடு உரச, சீட்டை விட்டு இறங்காமல் அப்படியே மிதித்து மறுமுனை போய்ச் சேர்ந்தோம். அன்று சாயங்காலமே பம்பும் ஒட்டுப்போடும் சாமானும் வாங்கினேன். நான் ஊரில் இருந்தவரை ஒரு நாள் விடாமல் அவன்கூடப் போனேன். மொத்தம் பதினொரு பஞ்சர். ஒரு டியூபில் ஒட்டுக்குமேல் ஒட்டு போட இடமில்லாமல் புதிதாக மாற்றினோம். பெரிய தெருக்காரர்கள் சேரியில் யாருக்கும் வயல் வேலை கொடுக்காமல் பதினைந்து நாள் நிறுத்திவைத்தார்கள். களையெடுப்பு வந்ததும் கூப்பிட்டுக்கொண்டார்கள், பயிர் காத்திருக்காது. நான் கிளம்பும்போது முள் போடுகிறவனுக்கே சலித்துப்போயிருந்தது.

போன வாரம் சின்னப்பனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. வேலை நிரந்தரமாகிவிட்டது. மூன்றாவது சிவப்பு மை விழவே இல்லை. இப்போது சேரியில் ஐந்து சைக்கிள் இருக்கிறது, ஐந்தும் பெரிய தெரு வழியாகத்தான் போகிறது, யாரும் இறங்குவதில்லை. ராயப்பன் பெரியப்பா மட்டும் இறங்குகிறார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். "நான் எறங்கல, என் காலு எறங்குது, நான் இன்னா பண்றது" என்கிறாராம். அவரைக் கண்டு பையன்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தான்.

சிரிக்க வேண்டாம் என்று இன்றைக்குத்தான் பதில் எழுதிப் போட்டேன்.

ஸ்டெல்லாவுக்குச் சொந்தமாக சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டேன். என் முதுகுக்கு வேலை போய்விட்டது, ஆனால் பக்கத்தில் வந்துகொண்டே பேசுகிறாள். பாதி தமிழ், பாதி மற்றது. லூர்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கோயிலுக்கு வருகிறாள். பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

நேற்று சாயங்காலம் மேட்டிலிருந்து இறங்கி வந்தோம். ஸ்டெல்லா கையை விட்டு ஓட்டிக்கொண்டு முன்னால் போனாள். அங்கே ஒரு பங்களா இருப்பதுகூட அவள் கண்ணில் படவில்லை. வெள்ளை மதில் வந்தது. என் வலது கால் பெடலை விட்டு எழுந்தது. பெரிய வீட்டுக்காரரிடம் மறந்துபோச்சு என்று சொன்னேன். மறக்கவில்லை. ஊரிலிருந்து திரும்பிய நாள் முதல் தினமும் இரண்டு தடவை அந்த இடத்தில் அது எழுகிறது. தினமும் இரண்டு தடவை நான் அதைப் பெடலில் திருப்பி வைத்து மிதிக்கிறேன். சைக்கிளுக்கு என்ன செலவு என்று கேட்டீர்களே, எனக்கு ஆகிற செலவு இது.